உலை நின்ற பிறகும் தண்ணீர் ஓட வேண்டும்: கூடங்குளம் குளிர்நீர் பற்றித் திருநகரில் கேட்ட கேள்விகள்

மதுரை திருநகரில் எங்கள் வாசிப்பு வட்டம் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூடும். போன கூட்டத்தில் கூடங்குளம் பற்றிப் பேசச் சொன்னார்கள். கதிரியக்கம் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகிப் போனேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றி! வைகையைப் பார்த்து வளர்ந்தவர்கள், வேறு எதைக் கேட்பார்கள்? நேரம் போதவில்லை, எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கடல் தண்ணீர் நேராக அணு உலைக்குள் போகிறதா?

இல்லை. உள்ளே மூன்று தண்ணீர் ஓடுகிறது, ஒன்றோடொன்று கலக்காது.

முதல் தண்ணீர் உலைக்குள்ளேயே சுற்றுவது. உப்பெல்லாம் நீக்கிய சுத்தமான நீர். கூடங்குளத்தில் இருப்பவை வி.வி.இ.ஆர். 1000 என்ற ரஷ்ய ரக உலைகள். அவற்றில் இந்த நீர் சுமார் 157 பார் அழுத்தத்தில், 320 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஓடுகிறது. வீட்டுக் குக்கர் ஏறக்குறைய ஒரு பார் ஏறியதுமே விசில் அடித்துவிடும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு அழுத்தம் இருப்பதால்தான் அந்தச் சூட்டிலும் அது கொதிக்காமல் தண்ணீராகவே இருக்கிறது. இது குழாய்களுக்குள் ஓட, குழாய்க்கு வெளியே இருக்கும் இரண்டாவது தண்ணீர் சூடேறி ஆவியாகிறது. அந்த ஆவிதான் மின்சாரம் உண்டாக்கும் டர்பைனைச் சுழற்றுகிறது. சுழற்றி முடித்த ஆவியை மறுபடி தண்ணீராக்கிச் சுற்றுக்கு அனுப்ப வேண்டுமே, அதைச் செய்யும் இடம் கண்டென்சர். கடல்நீர் வருவது அங்கேதான்.

உலைக்கு வேண்டிய நல்ல தண்ணீரைப் பேச்சிப்பாறை அணையிலிருந்து கொண்டுவருவதாக முதலில் திட்டம் இருந்தது. அதைக் கைவிட்டு, வளாகத்திலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு கடல்நீர்? நமக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள்.

நமக்குப் புரிகிற கணக்கு கனஅடிதானே, அதிலேயே போடுகிறேன். ஒரு யூனிட், அதாவது ஓர் உலையும் அதன் டர்பைனும் சேர்ந்தது, 1,000 மெகாவாட் மின்சாரம் தருவதற்கு உலையில் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. மிச்சம் 2,000 மெகாவாட்டும் கடலுக்குத்தான் போகிறது. எடுத்த தண்ணீரை 7 டிகிரி மட்டும் சூடேற்றித் திருப்பி விடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 2,400 கனஅடி வேண்டும். இது நான் காகிதத்தில் போட்ட கணக்கு, நிலையத்தின் பதிவேட்டு எண் இல்லை.

பெரியாறு பிரதான கால்வாயில் இருபோகப் பாசனத்துக்கு 900 கனஅடி திறந்தார்கள் என்று பேப்பரில் வருமே, அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். 71 அடி நிரம்பி நிற்கும் வைகை அணையை, 6,091 மில்லியன் கனஅடி, ஒரே ஒரு யூனிட் ஒரு மாதத்துக்குள் இழுத்து முடித்துவிடும். இழுத்த தண்ணீரைக் கடலுக்கே திருப்பிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். “வைகைக் கரையில் ஒன்று கட்டினால் என்ன?” என்று கேட்ட தம்பிக்கும் இதுவே பதில்.

உலையை நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது அல்லவா?

கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இது.

கடை மூடிய பிறகும் பரோட்டாக் கல் சுடுகிற மாதிரி என்று பலர் உதாரணம் சொல்வார்கள். அது சரியில்லை. பரோட்டாக் கல் வாங்கிய சூட்டை இழந்துகொண்டே போகும், புதிதாக ஒன்றும் உண்டாக்காது. குப்பைக் குழியைச் சொல்வதுதான் பொருத்தம். சாணமும் செத்தையும் போட்டு மூடிய குழியை மார்கழிக் காலையில் கிளறினால் ஆவி பறக்கும், கையை விட்டால் சுடும். யாரும் தீ வைக்கவில்லை, உள்ளே தானாகவே சூடு பிறக்கிறது. அணு எரிபொருளும் அப்படித்தான். அணுப்பிளவு நின்ற பிறகும், பிளந்து உண்டான பொருட்கள் சிதைந்துகொண்டே சூட்டைக் கக்கும்.

எவ்வளவு சூடு? நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவில். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதத்துக்கு இறங்கும். ஒரு நாள் கழித்து அரை சதவீதம், 15 மெகாவாட். அரை சதவீதம்தானே என்று விட முடியாது. அந்த 15 மெகாவாட்டைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு மட்டுமே ஆற்றுவதென்றால் மணிக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மணிக்கு இரண்டு லாரி, ராத்திரியும் பகலும், நாள் கணக்காக. எடுத்து வைத்த பழைய எரிபொருள் கிடக்கும் தொட்டிக்கும் இப்படியே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

2011 மார்ச் 11ஆம் தேதி புகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. பின்னால் வந்த சுனாமி கரையோரக் கடல்நீர் பம்புகளை நாசம் செய்தது, டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நின்ற உலையை ஆற்ற வழியில்லாமல் போனது.

கரண்ட் போய்விட்டால் பம்பு எப்படி ஓடும்?

முதலில் டீசல் ஜெனரேட்டர்கள். அவையும் போனால்? நம் நாட்டிலேயே ஒரு முறை போயிருக்கிறது, பலருக்குத் தெரியாது.

உத்தரப் பிரதேசத்தில் நரோரா நிலையம், 1993 மார்ச் 31 விடியற்காலை. டர்பைனின் இலைகள் இரண்டு முறிந்து பறந்தன. அந்த அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. தீ கேபிள்களில் ஓடியது. ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருந்த கேபிள்கள் அருகருகே போனதால் இரண்டும் சேர்ந்து கருகின. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரம் இல்லை. அப்போது கைகொடுத்தவை தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகள். அவற்றின் தண்ணீரை, இரண்டாவது தண்ணீர் ஆவியாகும் நீராவிக் கலன்களுக்குள் செலுத்தினார்கள். உலைக்குள் இருந்த நீர், சூடானது மேலேறவும் ஆறியது கீழிறங்கவுமாகத் தானே சுற்றிக்கொண்டது. கதிரியக்கம் வெளியே வரவில்லை. சர்வதேச அளவுகோலில் இது 3ஆம் நிலை நிகழ்வு.

கூடங்குளத்தில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் ஆவி தானாக மேலேறி, கட்டடத்துக்கு வெளியே உயரத்தில் இருக்கும் குழாய்க்கூட்டுக்குள் போய், காற்றுப்பட்டு ஆறித் தண்ணீராகிக் கீழே இறங்கிவிடும். இட்லிச் சட்டி மூடியில் ஆவி முட்டிச் சொட்டுகிற அதே வேலை. இந்த ரக உலையில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான் என்று கூட்டத்திலும் சொன்னேன். இருந்தாலும், அந்தக் காற்று வழியின் கதவு தேவைப்படும்போது திறக்கிறதா என்று ஒருவர் அவ்வப்போது போய்ப் பார்த்து எழுதி வைக்கத்தான் வேண்டும்.

அதைப் பார்ப்பது யார்?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1983 நவம்பர் 15 அன்று, 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைத்தது. தலைமையிடம் மும்பை. நிலையத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இடம் தேர்வு, கட்டுமானம், சோதனை ஓட்டம், இயக்கம் என்று ஒவ்வொரு படிக்கும் வாரியத்தின் அனுமதி தனித்தனியாக வேண்டும். கூடங்குளம் முதல் யூனிட்டில் 2013 ஜூலையில் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. வணிக உற்பத்தி என்று அறிவித்தது 2014 கடைசி நாளில். நடுவில் போன காலத்தில் பெரும்பகுதி, மின்சக்தியைப் படிப்படியாக ஏற்றிப் பரிசோதித்ததில் போனது. இயக்க உரிமமும் நிரந்தரம் இல்லை, காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒரு முறை முழு மறுஆய்வு உண்டு.

கடலில் விடும் தண்ணீரின் சூடு, அதில் கலந்திருக்கும் குளோரின் போன்றவை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. சுற்றுச்சூழல் அனுமதியும் அதன் நிபந்தனைகளும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். வளாகத்துக்கு வெளியே அவசரநிலை வந்தால் நடத்த வேண்டியவர் மாவட்ட ஆட்சியர்.

வாரியம் குளிர்நீர் அமைப்பில் எதைப் பார்க்கிறது? பெரிய குழாயையா?

கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிவது பெரிய குழாய்தான், கண்டென்சருக்குப் போவது. அது நின்றால் டர்பைன் நிற்கும், நமக்குக் கரண்ட் வராது, அவ்வளவுதான். பாதுகாப்புக்கு உயிர்நாடி அதன் பக்கத்தில் போகும் சின்னக் குழாய்கள். நின்ற உலையின் சூட்டை எடுப்பவை, டீசல் எஞ்சினை ஆற்றுபவை, எரிபொருள் தொட்டியை ஆற்றுபவை. இவற்றுக்குத் தனிப் பம்பு, தனி மின்வழி. கூடங்குளத்தில் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனி வழிகளாக இருக்கின்றன.

உரிமத்தோடு ஒரு நெறிமுறை ஏடு உண்டு. நான்கில் ஒரு வழி பழுது என்றால் இத்தனை நேரத்துக்குள் சரிசெய், முடியாவிட்டால் உலையை நிறுத்து என்று அதில் எழுதியிருக்கும். எந்தப் பம்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர் முக்கால்வாசி நேரம் பதிவேட்டோடுதான் உட்கார்ந்திருப்பார். பம்பு ஓடியதா என்பதோடு நிற்காமல், ஓடியபோது எவ்வளவு தண்ணீர் தள்ளியது, எவ்வளவு அதிர்ந்தது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது சிப்பி! 1980இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு நிலையத்தில் குளிர்நீர் ஓட்டம் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிரித்துப் பார்த்தால் விபத்து நேரத்தில் கட்டடத்தை ஆற்ற வேண்டிய கருவிகளின் குழாய்களில் ஆசியச் சிப்பிகள் அடைத்துக் கிடந்தன. தினமும் ஓடாத குழாய் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பம்பு நன்றாகத்தான் இருந்தது, தண்ணீர்தான் போய்ச் சேரவில்லை. பிற்பாடு 1989இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. குழாய்க்குள் உயிர்கள் வளராமல் பாருங்கள், வெப்பம் கைமாறும் கருவிகள் உண்மையிலேயே சூட்டைக் கடத்துகின்றனவா என்று சோதித்துக் காட்டுங்கள் என்பதுதான் சாரம்.

நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீட்டர் ஓடும், சத்தம் வரும், மேல்தொட்டியில் மட்டும் தண்ணீர் ஏறாது. போய் வடிகட்டியைக் கழற்றினால் கை நிறையச் சேறு.

ஜெல்லி மீன் அணு உலையை நிறுத்திவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மீனவர்கள் சொறி என்பார்கள். கூட்டமாக வந்தால் கடல்நீர் எடுக்கும் இடத்தின் சல்லடையை அப்பிக்கொள்ளும். 2013இல் ஸ்வீடனின் ஆஸ்கர்ஷம் நிலையத்தில் ஓர் உலையையும், 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவ்லின் நிலையத்தில் நான்கு உலைகளையும் நிறுத்த வைத்தவை இவைதான். கல்பாக்கத்துக்கும் இது பழைய தொல்லை. அங்கே பச்சைச் சிப்பியும் கொட்டலசும் குழாய்ச் சுவரில் ஒட்டி வளர்வதைத் தடுக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். கூடங்குளத்தில் நீர் எடுக்கும் இடத்தில் காற்றுக்குமிழித் திரை வைத்து மீன்களை விலக்குகிறார்கள்.

வைகையில் ஆகாயத்தாமரை போய் மடையை அடைப்பதைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. இப்படி உலை நிற்பது ஆபத்து இல்லை. சின்னக் குழாய்களுக்கும் சேர்த்து அடைத்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

சூடான தண்ணீரால் மீன் அழியாதா?

கடற்கரை மின்நிலையங்கள் திருப்பிவிடும் தண்ணீரால், அது சேரும் இடத்தில் கடலின் சூடு 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. வெளியேறும் வாயில் ஒரு எண், கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் ஒரு எண், எந்த இடத்தில் அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2011, 12இல் இடிந்தகரையில் போராடிய மீனவர்கள் இதையும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் அர்த்தம் உண்டு. மன்னார் வளைகுடாக் கடலில் பிழைப்பவர்கள், தங்கள் தண்ணீரின் சூடு என்ன என்று தெரிந்துகொள்ள யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 மே 6 அன்று நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அமர்வு நிலையத்துக்குத் தடை இல்லை என்றது. கூடவே 15 கட்டளைகளும் போட்டது.

சுனாமி வந்தால்?

2004 டிசம்பர் 26இல் கல்பாக்கத்தில் வந்தது. கடல்நீர்ப் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்து பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது யூனிட்டை நிறுத்திப் பத்திரமாக ஆறவைத்தார்கள். முதல் யூனிட் ஏற்கெனவே நீண்ட பராமரிப்பில் நின்றிருந்தது. வாரியம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் மறுபடி ஓடியது.

புகுஷிமாவுக்குப் பிறகு கூடங்குளத்துக்கு வாரியம் 17 பரிந்துரைகள் கொடுத்தது. வெளியிலிருந்து தண்ணீர் செலுத்த இணைப்புகள், நகர்த்திக் கொண்டுபோகும் டீசல் கருவிகள் போன்றவை. நரோராவில் தீயணைப்புப் பம்பு தற்செயலாகக் கைகொடுத்தது. அதையே ஏற்பாடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாரியமும் அரசு, கழகமும் அரசு. அப்புறம் என்ன கண்காணிப்பு?

கடைசி வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டது. கூட்டத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பது அவர் கையில். பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த வயல் இருக்காது, இருக்கவும் விட மாட்டார்கள். தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார் என்ற பேச்சே வரக் கூடாது. ஆனால் அறுவடையில் அவருக்கு நெல் அளப்பவர்கள் அதே ஆயக்கட்டு விவசாயிகள்தான். பெரிய சம்சாரி ஒருவர் முறைத்தால் அவர் என்ன செய்வார்?

வாரியத்தின் நிலையும் ஏறக்குறைய அதுதான். நிலையம் எதுவும் அதற்குச் சொந்தமில்லை. ஆனால் வெகுகாலம் அது அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்லும் அமைப்பாக இருந்தது. அணுமின் கழகம் இருக்கும் அணுசக்தித் துறையின் செயலர்தான் அந்த ஆணையத்தின் தலைவர். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதை வெளிப்படையாகவே குறை சொன்னது. விதிகளை வகுக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை, அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய் என்றெல்லாம் எழுதியது. ஹெல்மெட் போடாமல் போனால் இங்கே கட்டுவது அதைவிட அதிகம்! தனி ஆணையம் அமைக்க 2011இல் கொண்டுவந்த மசோதா, 2014இல் மக்களவைக் காலம் முடிந்ததோடு காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, வாரியத்துக்குச் சட்டப்படியான நிலையைக் கொடுத்திருக்கிறது. அதே சட்டம் தனியாருக்கும் அணுமின் தொழிலில் கதவைத் திறக்கிறது. அதாவது, ஆயக்கட்டில் புதுச் சம்சாரிகள் வருகிறார்கள். நீர்பாய்ச்சிக்குக் காகிதத்தில் பலம் கூடியிருக்கிறது, மடையில் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் கருத்து: வாரியத்தின் பொறியாளர்கள் விஷயம் தெரிந்தவர்கள், சந்தேகமில்லை. அவர்கள் ‘நிறுத்து’ என்று எழுதும் தாளைப் பொதுமக்கள் பார்க்க முடிந்தால் அவர்களுக்கே பலம்.

மதுரைக்கு ஆபத்து உண்டா?

அவசரநிலைத் திட்டம் போடும் வட்டம் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர். நாம் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். நமக்கு அங்கிருந்து நேரடியாக வருவது கரண்ட், வழக்கு இரண்டும்தான். திருநெல்வேலி மாவட்டத்து ரிட் மனுக்கள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தானே வர வேண்டும்.

வடபழஞ்சி, தேனி நியூட்ரினோ திட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வதற்கான திட்டம், அதில் உலையும் இல்லை, எரிபொருளும் இல்லை. அதைப் பற்றிப் பேச வேறு விஷயங்கள் உண்டு, இன்னொரு ஞாயிறு பார்க்கலாம்.

நாம் என்னதான் கேட்க முடியும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். வாரியம் மத்திய அரசுடையது, இணையத்திலேயே மனுப் போடலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்துடையது, தனி மனு வேண்டும். அதற்கு முன்னால் வாரியத்தின் ஆண்டறிக்கைகளைப் படித்துவிடுங்கள், அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. எத்தனை ஆய்வு நடத்தினார்கள், எந்த நிலையத்தில் என்ன நிகழ்வு என்று அதில் இருக்கும். வணிக ரகசியம், நாட்டின் பாதுகாப்பு என்று சிலவற்றை மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவர் ஆர்வமாக மனு எழுதிக்கொண்டு வந்தார். “கூடங்குளத்தின் குளிர்நீர் அமைப்பு பாதுகாப்பானதா?” என்று ஒரே வரி. இதற்கு ‘ஆம்’ என்று பதில் வரும், பத்து ரூபாய் போச்சு. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம்: “முதல் இரண்டு யூனிட்டுகளிலும் கடந்த மூன்று ஆண்டுகளில், பாதுகாப்புக்கான கடல்நீர்ப் பம்புகள் அனுமதித்த நேரத்துக்கு மேல் பழுதில் இருந்தது எத்தனை முறை, எந்தெந்தத் தேதியில்? அந்த வெப்பமாற்றிகளைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது, உள்ளே என்ன இருந்தது?” ‘உள்ளே என்ன இருந்தது’ என்பது மனுவுக்குப் பொருந்துமா என்று தம்பிக்குச் சந்தேகம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.